த்ராயிலோவுக்கு ஒரு வீடியோ கேமரா

சார்ஜரை நான் மறக்கவில்லை. இதை மட்டும் யாரிடமும் வாய்தவறிச் சொல்லிவிடாதே ஸ்தானியா. நீ செத்துப் போன பிறகு அவரே கேட்பார், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இப்படித் தனக்குள் சொல்லிக்கொண்டே ஸ்தானியா காபிக் கிண்ணங்களை மேசையில் வைத்தாள். மேசையைச் சுற்றி மூன்று பேர். வியன்னாவிலிருந்து முந்தின நாள் வந்திறங்கிய மகள் ஸ்லாவிட்சா, பக்கத்து வீட்டு கோலுப், படையல் காரியங்களில் ஊருக்கே சட்டம் பேசும் பெர்சிதா. பேச்சு ஸ்தானியாவின் கணவர் த்ராயிலோவைப் பற்றி. வருகிற சனிக்கிழமையோடு அவர் போய் ஒரு வருஷம். பொமானா, அதாவது செத்தவருக்கான படையல், வைக்க வேண்டும்.

வருஷப் பொமானா என்றால் சாப்பாடு மட்டும் போதாது. அங்கே, மறு உலகத்தில் இருப்பவருக்கு என்ன தேவையோ அதை இங்கே உயிரோடு இருக்கும் ஒருவர் கையில் கொடுத்து, பெயர் சொல்ல வேண்டும். பொருள் இவரிடமும் இருக்கும், அவரிடமும் போய்ச் சேரும். கோட்டு, கட்டில், ரேடியோ எல்லாம் போகும். போன வருஷம் தச்சன் மித்தாருக்கு ஒரு மோட்டார் ரம்பமே போயிருக்கிறது. வாங்கிக்கொள்பவர் இறந்தவரின் வயதும் உடல்வாகும் உள்ளவராக இருக்க வேண்டும். அன்றைக்குப் புது உடுப்பைப் போட்டுக்கொண்டு அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து அவருக்காகச் சாப்பிட வேண்டும். த்ராயிலோவின் வயதும் த்ராயிலோவின் தொப்பையும் ஊரில் கோலுப்புக்குத்தான் இருந்தன.

"நேத்தும் கனவுல வந்தான் அண்ணி," என்றார் கோலுப்.

"என்ன சொன்னாரு?"

"பேட்டரி செத்துப்போச்சுன்னான்."

ஸ்தானியா அவர் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டாள். சவப்பெட்டிக்குள் த்ராயிலோவைப் படுக்க வைத்தபோது, அவர் முப்பது வருஷமாகக் கையைவிட்டு இறக்காத டேப் கேமராவையும் பக்கத்தில் வைத்தார்கள். மூன்றாம் நாள் பார்த்தால் அதன் சார்ஜர் சமையலறைச் சுவரில் தொங்குகிறது. "கேமரா அங்க, ஒயரு இங்க!" என்று பெர்சிதா மார்பில் அடித்துக்கொண்டாள். பாவம், துக்கத்தில் மறந்துவிட்டாள் என்று ஊர் முழுக்க ஸ்தானியாவுக்காக இரக்கப்பட்டது.

"இன்னொண்ணும் சொன்னான். சொல்லத்தான் கூச்சமா இருக்கு," என்றார் கோலுப்.

"கூச்சப்படாமச் சொல்லுங்க மாமா," என்றாள் ஸ்லாவிட்சா.

"ஃபோர்கே கேமரா வேணுமாம். படம் கண்ணாடி மாதிரி தெளிவா விழுமாம்."

"அப்பாவுக்கு ஃபோர்கேன்னா என்னன்னே தெரியாது."

"இங்க இருந்தப்போ தெரியாது. அங்க போய்த் தெரிஞ்சுக்கிட்டான். இப்ப புதுசா வர்றவங்க எல்லாரும் அதத்தான் கொண்டுவர்றாங்களாம். இவன் டேப்பு கேமராவத் தூக்கிட்டுப் போனா சிரிக்கிறாங்களாம்."

"சிரிப்பாங்க," என்றாள் பெர்சிதா. "அங்க அவங்களுக்கு வேற என்ன வேல?"

"ஜூம் எவ்வளவு வேணும்னு சொன்னாரா?"

"இருபது," என்றார் கோலுப், கண் இமைக்காமல். "லென்ஸே இழுக்கணும். படத்தப் பெருசாக்கிக் காட்டுற ஏமாத்து ஜூம் வேணாம்னு கண்டிப்பாச் சொல்லிட்டான்."

"உங்க பேத்தி கல்யாணம் எப்ப மாமா?"

"அக்டோபர்ல. அதுக்கும் இதுக்கும் என்ன?"

"ஒண்ணுமில்ல. சும்மாக் கேட்டேன்."

பெர்சிதா காபியை உறிஞ்சினாள். "எதுக்கு இவ்வளவு பேச்சு? சுவத்துல தொங்குற ஒயர எடுத்துக் கையில குடுத்து, த்ராயிலோ முன்னால போய் நிக்கட்டும்னு சொன்னா முடிஞ்சுது. சொன்னது போகும், சொல்லாதது போகாது. அவ்வளவுதான்."

"ஒயரா!" கோலுப் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "வருஷப் படையலுக்கு நான் கோட்டு சூட்டுப் போட்டு உக்காந்து, ஊருக்கு முன்னால ஒரு ஒயர வாங்கணுமா? முப்பது வருஷம் வியன்னாவுல கல்லு சுமந்து, வீட்டு வாசல்ல ரெண்டு சிங்கம் வெச்ச மனுசன். ஒயரு அனுப்புறாங்களாம் அவனுக்கு!"

வாசலில் இருந்த இரண்டு சிமென்ட் சிங்கங்களுக்கும் அதைக் கேட்டு வெட்கம் வந்திருக்கும்.

ஸ்தானியா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். அந்தச் சிங்கங்களுக்கு நடுவே தான் எத்தனை தடவை போயிருப்போம், வந்திருப்போம் என்று நினைத்தாள். கணக்கே இல்லை. ஏனென்றால் எல்லாமே இரண்டு தடவை.

த்ராயிலோ ஒவ்வொரு ஆகஸ்டிலும் விடுமுறைக்கு வருவார். காரிலிருந்து இறங்கும்போதே கேமரா கண்ணில் இருக்கும். ஆனால் பட்டனை அமுக்குவதில் மட்டும் எப்போதும் தாமதம். ரொட்டித் தட்டோடு அவள் முற்றத்துக்கு வந்து, தட்டை மேசையில் வைத்த பிறகுதான் சிவப்பு விளக்கு எரியும். "ஸ்தானியா, போ, மறுபடி வாசல்லருந்து வா." அவள் ரொட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய், மறுபடி வருவாள். மகள் பிறந்து முதலடி வைத்ததும் இரண்டு தடவை. ஆஸ்திரேலியா போன அண்ணன் இருபது வருஷம் கழித்துப் பேருந்தில் வந்து இறங்கியபோது அவள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதாள். த்ராயிலோ அண்ணனை மறுபடி பேருந்தில் ஏற்றினார். ஓட்டுநர் நல்லவர், கதவை மூடித் திறந்து கொடுத்தார். டேப்பில் இருப்பது அந்த இரண்டாவது அழுகைதான். அதில் அவள் ஒரு கண்ணால் கேமராவைப் பார்த்துக்கொண்டே அழுகிறாள்.

முதல் தடவைகள் எங்கே போயின என்று அவளுக்குத் தெரியவில்லை. நாளடைவில் அவளே முதல் தடவையை ஏனோதானோவென்று வாழப் பழகிவிட்டாள். எப்படியும் இன்னொரு தடவை வரச் சொல்வார், முகத்தை அதற்கு வைத்துக்கொள்ளலாம் என்று. அவர் போன பிறகு ஒருநாள் பழைய டேப்புகளைப் போட்டுப் பார்த்தாள். முப்பது ஆகஸ்டுகள். எல்லாவற்றிலும் ஒரே பெண், எதையோ ஏற்கெனவே செய்து முடித்துவிட்ட முகத்தோடு கதவு வழியாக வந்துகொண்டே இருந்தாள்.

இதனால்தான் அவள் சார்ஜரை அவரோடு அனுப்பவில்லை. என்றைக்காவது தானும் அங்கே போவோம், வாசலில் அவர் நிற்பார், நல்லது. ஆனால் கேமராவோடு நின்றால்? "அய்யோ ஸ்தானியா, கொஞ்சம் லேட்டா அமுக்கிட்டேன். திரும்பிப் போய் மறுபடி செத்து வா" என்றால்? சொல்லக்கூடிய மனிதர்தான். அங்கே நேரத்துக்கும் பஞ்சமில்லை.

இதையெல்லாம் இந்த மூன்று பேரிடம் எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தால் கணவனுக்கு ஒரு கேமரா அனுப்பக்கூட மனசில்லாதவள் என்று ஈஸ்டர் வரைக்கும் பேசுவார்கள்.

"கடையில போய்ப் பாக்கலாம்," என்றாள்.

நெகோட்டின் நகரத்துக் கடையில் துணி துவைக்கும் இயந்திரங்களைத் தாண்டிப் போனால் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குப் பின்னால் ஊதா நகப்பூச்சோடு துன்யா என்ற பெண். அவள் மூன்று கேமராக்களை எடுத்து வரிசையாக வைத்தாள். ஒன்று ரொட்டி அளவு, ஒன்று கைக்குள் அடங்கும், ஒன்று இரண்டுக்கும் நடுவே. கோலுப்பின் கை தானாக ரொட்டியின் பக்கம் போனது.

"யாருக்கு வாங்குறீங்க?" என்றாள் துன்யா.

"என் வீட்டுக்காரருக்கு," என்றாள் ஸ்தானியா.

"பழக்கம் உண்டா அவருக்கு?"

"முப்பது வருஷம்."

"எங்க எடுப்பாரு? வெளியிலயா, வீட்டுக்குள்ளயா?"

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அங்க வெளிச்சம் கம்மி," என்றாள் பெர்சிதா கடைசியில். "நாம ஏத்துற மெழுகுவத்திதான்."

"அப்ப சென்சார் பெருசா இருக்கணும். வெல கம்மியான ஃபோர்கே எல்லாம் வெயில்ல பளிச்சுனு இருக்கும், இருட்டுக்குப் போனா மணல் தூவின மாதிரி ஆயிடும்." சட்டென்று துன்யா நிமிர்ந்தாள். "மெழுகுவத்தியா? ஓ, பொமானாவுக்கா! முன்னாடியே சொல்லக்கூடாதா? கேரண்டி கார்டுல யார் பேரு போடணும், அவரு பேரா, வாங்கிக்கிறவரு பேரா?"

"என் பேரு," என்றார் கோலுப்.

"போன மாசம் ஒருத்தங்க ஏர்கண்டிஷனர் வாங்கிட்டுப் போனாங்க, பொமானாவுக்கு."

"ஏர்கண்டிஷனரா?" பெர்சிதா சிலுவை போட்டுக்கொண்டாள். "அப்படி எந்த இடத்துக்குப் போய்ச் சேந்தாராம் அவரு?"

ஸ்லாவிட்சா சிறிய கேமராவை எடுத்தாள். அதன் பெட்டி முழுக்க தங்க எழுத்தில் ஃபோர்கே, ஃபோர்கே என்று போட்டிருந்தது. "இதுலயும் ஃபோர்கேதான? வெலையும் சகாயமா இருக்கே."

"பெட்டியிலதான் ஃபோர்கே," என்றாள் துன்யா குரலைத் தாழ்த்தி. "உள்ள சின்னப் படத்த இழுத்துப் பெருசாக்குது. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

"பெட்டியோட குடுத்துட்டா?" பெர்சிதா யோசித்தாள். "பெட்டில என்ன எழுதியிருக்கோ அதுதான் போய்ச் சேரும்."

"பெர்சிதா!" கோலுப்பின் முகம் சிவந்தது. "செத்தவன ஏமாத்துறதா? போலிய அனுப்பினா கனவுல வந்து அவன் யாரு கழுத்தப் பிடிப்பான், உன் கழுத்தையா? என் கழுத்த!" ரொட்டி அளவு கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தார். "இது எப்படி?"

"அது டிவிக்காரங்க வாங்குறது. கனம். உங்க வயசுக்குத் தோள்பட்டை இறங்கிடும்."

"அவனுக்கு இப்பத் தோள்பட்டையே கிடையாது. கனம் எப்படித் தெரியும்?"

"அக்டோபர்ல உங்களுக்குத் தெரியும் மாமா," என்றாள் ஸ்லாவிட்சா. கோலுப் அதை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இந்த நடுவுல இருக்குறது வீட்டு உபயோகத்துக்கு நல்லது," என்று துன்யா ஸ்தானியாவின் பக்கம் திரும்பினாள். "நிஜ ஃபோர்கே. வெலையும் பரவால்ல. இருட்டுல சுமாரா எடுக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு வசதி இருக்கு. தள்ளி நின்னு மொத்தமா எடுத்துக்கலாம், அப்புறமா வேணுங்கிற எடத்த மட்டும் வெட்டிப் பெருசாக்கிக்கலாம், மங்காது. தல விட்டுப்போச்சு, கை விட்டுப்போச்சுன்னு திரும்ப எடுக்க வேணாம்."

ஸ்தானியா முதல் முறையாகக் கேமராவைப் பார்த்தாள்.

"அப்புறம் இத ஆன் பண்ணி வெச்சீங்கன்னா, நீங்க பட்டன் அமுக்குறதுக்கு மூணு நொடி முன்னாடி நடந்ததும் உள்ள இருக்கும். லேட்டா அமுக்குனாலும் பரவால்ல."

"இன்னொரு தடவ சொல்லு," என்றாள் ஸ்தானியா. சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று உறைத்தது.

துன்யா சொல்லவில்லை, செய்து காட்டினாள். ஸ்தானியாவைக் கடை வாசலுக்குப் போய்விட்டு வரச் சொன்னாள். அவள் போனாள், இயந்திரங்களுக்கு நடுவே நடந்து வந்தாள், கண்ணாடிப் பெட்டியில் கையூன்றிய பிறகுதான் துன்யா பட்டனை அமுக்கினாள். த்ராயிலோவைப் போலவே. ஸ்தானியா பழக்கத்தில் திரும்பி வாசலுக்கு நடக்கத் தொடங்கினாள்.

"எங்க போறீங்க? வந்தாச்சே. இங்க பாருங்க."

சின்னத் திரையில் ஒரு பெண் துணி துவைக்கும் இயந்திரங்களுக்கு நடுவே வந்துகொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. தலைக்குட்டை ஒரு பக்கம் சரிந்திருந்தது. தான் எங்கே வந்தோம் என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை, யாரையோ தேடுகிறாள், தேடிக் கண்டதும் கண் ஓரம் மட்டும் கொஞ்சம் இளகுகிறது. அழகான முகம் என்று சொல்ல முடியாது. ஆனால் இதற்கு முன்னால் எதையும் செய்து முடிக்காத முகம். மூன்றே நொடிதான். ஸ்தானியா விரலால் திரையின் விளிம்பைத் தொட்டாள். முப்பது வருஷமாக நீ எங்கேயடி இருந்தாய் என்று கேட்கத் தோன்றியது.

இவ்வளவுதானா விஷயம்? அவர் மேல் தப்பில்லை, கேமராவின் மேல்தானா? மூன்று நொடி இருந்திருந்தால் என் அண்ணன் பேருந்தில் திரும்ப ஏறியிருக்கவே வேண்டாம்.

"இதுதான் வேணும்," என்றாள்.

"ஜூம் எவ்வளவு?" என்றார் கோலுப்.

"பன்னெண்டு."

"அவன் இருபதுன்னான் அண்ணி."

"பன்னெண்டுக்கு மேல அவரு என்னப் பாக்க வேணாம்," என்றாள் ஸ்தானியா. "பேட்டரி எவ்வளவு நேரம் நிக்கும்மா?"

"முழுசா சார்ஜ் போட்டா நூத்திப்பத்து நிமிஷம். சார்ஜர் தனி டப்பால இருக்கு, மறந்துடாதீங்க."

"இவ மறப்பா," என்றாள் பெர்சிதா. "நாந்தான் பாத்துக்கணும்."

வீடு திரும்பும் வழியில் டான்யூப் பக்கமிருந்து காற்று வந்தது. கோலுப் பெட்டியை மடியில் குழந்தை போல வைத்துக்கொண்டார். பழகிப் பார்க்க இப்போதே வேண்டுமாம். தான் பழகாவிட்டால் த்ராயிலோவுக்கும் கை ஓடாதாம், அங்கே சிரிப்பார்களாம். ஸ்தானியா கேமராவைக் கொடுத்தாள். சார்ஜர் டப்பாவை மட்டும் பெர்சிதா பிடுங்கி ஸ்தானியாவின் மேலங்கிப் பையில் திணித்தாள்.

சனிக்கிழமை நடுப்பகலில் முற்றத்து மேசை நிறைந்தது. கொத்துக்கொத்தாக மெழுகுவர்த்தி, பின்னல் போட்ட ரொட்டிகள், பெரிய பானையில் பீன்ஸ், பொரித்த மீன், பிளம் சாராயம். ஊரில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். தலைமாட்டு நாற்காலியில் கோலுப். சாம்பல் நிறப் புது சூட், புது காலணி, த்ராயிலோ போடுவது போலவே பின்னால் தள்ளிய தொப்பி, சட்டைப் பொத்தான்களை இழுக்கும் தொப்பை, கண்ணில் கேமரா. வாசல் பக்கமிருந்து பார்த்தபோது ஸ்தானியாவுக்கு அது த்ராயிலோவாகவே தெரிந்தது.

"வா, ஆரம்பி," என்றாள் பெர்சிதா, தூபக்கலத்தை ஆட்டிக்கொண்டே.

ஸ்தானியா ஒரு கையில் எரியும் மெழுகுவர்த்தியும் மறு கையில் ரொட்டியுமாக வாசலைத் தாண்டி வந்தாள். முன்கூட்டி எதையும் யோசிக்கக்கூடாது என்று முடிவு செய்திருந்தாள். கோலுப்பின் தோளைத் தொட்டு, "இந்த சூட் த்ராயிலோ முன்னால போய் நிக்கட்டும்" என்றாள். காலணியைத் தொட்டுச் சொன்னாள். கேமரா வைக்கும் பையை, மெமரி கார்டைச் சொன்னாள். பிறகு கேமராவைத் தொட்டாள். அதன் உலோகம் வெயிலில் சுட்டது.

"இந்தக் கேமரா த்ராயிலோ முன்னால போய் நிக்கட்டும்," என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாய் நிற்கவில்லை. "நல்லா எடுங்க. நான் வர்றப்போ அவசரப்படாம எடுங்க. நான் எப்படி வர்றேனோ அப்படியே எடுத்துக்குங்க." ஒரு வருஷமாக வராத அழுகை, யாரும் கூப்பிடாமல், மூக்கு வழியாகவும் கண் வழியாகவும் வந்தது. ஸ்லாவிட்சா எழுந்துவிட்டாள். பெர்சிதாகூடத் தூபத்தை ஆட்ட மறந்தாள்.

ஸ்தானியா மூக்கைத் துடைத்துக்கொண்டு மேலங்கிப் பைக்குள் கையை விட்டாள். பாக்கி சார்ஜர் மட்டும்தான். இந்தத் தடவை கொடுத்துவிடலாம். மனசாரக் கொடுத்துவிடலாம்.

"அய்யோ, நிறுத்து நிறுத்து!" என்றார் கோலுப். "சிவப்பு வெளக்கு இப்பத்தான் எரியுது."

"மூணு நொடி இருக்குமே மாமா," என்றாள் ஸ்லாவிட்சா.

"அத நேத்தே அணைச்சிட்டேன். நான் சொல்றதுக்கு முன்னாடியே ஆரம்பிக்குது, அது என்ன மரியாத?" அவர் தொப்பியை இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இடது கையால் காற்றை விலக்குவது போல அவளை வாசல் பக்கம் தள்ளினார். "போ அண்ணி, மறுபடி வாசல்லருந்து வா. எல்லாத்தையும் முதல்லருந்து சொல்லு. அந்த அழுகையும் வரட்டும், அதே எடத்துல. ரொம்ப நல்லா இருந்துச்சு."

"ரெண்டாந்தடவ சொன்னா ரெண்டு கேமரா போகும்," என்று எச்சரித்தாள் பெர்சிதா.

"போகட்டுமே! ஒண்ண மித்தாருக்கு விக்கட்டும்."

மேசையில் சிரிப்பு எழுந்தது. கடைசி இருக்கையிலிருந்து யாரோ, "போங்க ஸ்தானியா, சட்டுனு போய்ட்டு வாங்க, பசிக்குது," என்றார்கள். வாசலில் சிங்கங்கள் இரண்டும் காத்திருந்தன. அவள் கையில் மெழுகுவர்த்தி பாதி உருகியிருந்தது. அவளுடைய கால்கள், முப்பது வருஷம் பழகிய கால்கள், தாமாகவே அரை வட்டம் திரும்பிவிட்டிருந்தன.

மூன்று நொடி உள்ளே இருந்தும் அணைத்து வைக்கிறார்களே என்று நினைத்தாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. சிரிப்புதான் வரும் போலிருந்தது. கேமரா அவருக்குப் போய்விட்டது, சொன்னது சொன்னதுதான். காலையில் அவளே சார்ஜ் போட்டிருந்தாள், பேட்டரி முழுசாக இருக்கிறது. நூற்றுப்பத்து நிமிஷம். முதல் தடவைகளை மட்டும் எடுத்தால் அது தாராளம்.

பைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். கை வெறுமையாக வந்தது. மெழுகுவர்த்தியை ரொட்டியின் நடுவில் குத்தி நிறுத்திவிட்டு, கோலுப்பின் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"இல்ல கோலுப்," என்றாள்.

"என்ன இல்ல? ரெண்டே நிமிஷம் அண்ணி."

"வந்துட்டேன்."

கோலுப் கேமராவை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு அவள் மேலங்கிப் பையைப் பார்த்தார். அவருக்கு அக்டோபர் கல்யாணம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "சரி, வாசல் வேணாம். சார்ஜர மட்டுமாவது கையில குடுத்துச் சொல்லிடு. அது இல்லாம அவன் என்ன பண்ணுவான்?"

ஸ்தானியா ரொட்டியைப் பிய்த்துப் பெரிய பாதியை அவர் தட்டில் வைத்தாள். பானையை இழுத்து இரண்டு கரண்டி ஊற்றினாள்.

"பீன்ஸ் ஆறுது," என்றாள். "சாப்பிடு."